முதல் ஹோம் தியேட்டர்: ரிசீவரும் ஸ்பீக்கரும் வாங்கப் போகிறவர்களுக்கு

வசனம் கேட்காது, குண்டு வெடித்தால் மாடி வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டுவார். எங்கள் வீட்டில் மூன்று வருடம் இப்படித்தான் படம் பார்த்தோம். பெட்டியில் 1000 வாட்ஸ் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்த ஒரு செட்டை ஆடித் தள்ளுபடியில் வாங்கி வந்த பலன் அது. கடைசியில் அதை ஒதுக்கிவிட்டு, ரிசீவர் (டிவி, செட்டாப் பாக்ஸின் ஒலியை வாங்கிப் பெருக்கி, ஸ்பீக்கர்களுக்குப் பிரித்து அனுப்பும் பெட்டி) தனி, ஸ்பீக்கர் தனி என்று ஒரு 5.1 செட்டை, அதாவது ஐந்து ஸ்பீக்கரும் ஆழ்ந்த ஒலிக்கென ஒரு சப்வூஃபரும் உள்ள செட்டை, நானே தேடிச் சேர்த்தேன். இப்போது தேடுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். எத்தனை இன்ச் டிவி, எந்த ஓடிடி என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும், அதை விட்டுவிடுகிறேன்.

படி 1: டேப் எடுத்து ஹாலை அளங்கள்

எங்கள் ஹால் 11-க்கு 15 அடி. சோபாவில் உட்கார்ந்தால் டிவி 10 அடி தூரத்தில் இருக்கிறது. சோபாவின் முதுகு பின்சுவரை ஒட்டியே கிடக்கிறது. பல வீடுகளில் இதுதான் நிலைமை. அப்படியென்றால் பின்னால் இன்னும் இரண்டு ஸ்பீக்கர் கேட்கும் 7.1 உங்களுக்கு வேண்டாம். தலைக்குப் பின்னால் ஸ்பீக்கர் வைக்க இடமே இல்லையே. 5.1 போதும்: முன்னால் இடம், வலம், நடுவில் சென்டர், பக்கவாட்டில் காதுக்குச் சற்று மேலே இரண்டு சரவுண்ட், ஒரு சப்வூஃபர்.

அப்படியே ஹாலின் நடுவில் நின்று ஒரு முறை கை தட்டிப் பாருங்கள். டைல்ஸ் தரையும் வெறும் சுவரும் இருந்தால் "டங்" என்று ஒரு வால் நீளும். அந்த வால்தான் வசனத்தைக் குழப்புகிறது. கனமான திரைச்சீலை போட்டேன். பவானி ஜமுக்காளத்தை நாலாக மடித்து டிவிக்கும் சோபாவுக்கும் நடுவில் விரித்தேன். வால் பாதியாகக் குறைந்தது.

படி 2: ரிசீவர்

சோபாவுக்கு ரூம் அளவு பார்ப்பது போல, ரிசீவருக்குப் பின்பக்கம் பார்க்க வேண்டும். எச்டிஎம்ஐ இன்புட் எத்தனை, ஏஆர்சி அல்லது அதன் புதிய வடிவமான இஏஆர்சி (டிவியின் ஒலியை அதே எச்டிஎம்ஐ ஒயர் வழியே ரிசீவருக்கு அனுப்பும் வசதி) இருக்கிறதா, சப்வூஃபர் பிரீ-அவுட் (சப்வூஃபருக்கு ஒயர் செருகும் துளை) இருக்கிறதா, கூடவே மைக் வருகிறதா. அந்த மைக்கை சோபாவில் காது உயரத்தில் வைத்தால், ரிசீவர் ஒவ்வொரு ஸ்பீக்கராக ஒலி எழுப்பித் தூரத்தையும் சத்தத்தையும் தானே சரிசெய்து கொள்ளும். டெனானில் இதற்கு ஆடிஸி என்று பெயர், யமஹாவில் ஒய்பிஏஓ. டெனானின் விலை குறைந்த சில மாடல்களில் ஆடிஸி இருக்காது. பெட்டியில் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். என் கட்சி: பட்ஜெட் குறைவென்றால் யமஹா, கொஞ்சம் கூட்ட முடியும் என்றால் ஆடிஸி உள்ள டெனான். பின்னால் அட்மாஸ் (தலைக்கு மேலிருந்தும் ஒலி வரும் முறை) ஆசை வரும் என்று தோன்றினால் 7 சேனல் ரிசீவராக வாங்குங்கள். இன்றைக்கு 5.1 ஆக ஓட்டலாம், நாளைக்கு மேலே இரண்டு சேர்த்து 5.1.2 ஆக்கலாம்.

படி 3: வாட்ஸ் (நான் வழுக்கி விழுந்த இடம்)

மூன்று வாரம் இதிலேயே போயிற்று. ஒரு ரிசீவரில் 70 வாட்ஸ், இன்னொன்றில் 135, பழைய செட்டில் 1000. எதை நம்புவது?

வாட்ஸ் எண்ணை விட்டுவிட்டு அதன் கீழே பொடி எழுத்தில் இருப்பதைப் படியுங்கள். "1 கிலோஹெர்ட்ஸ், 10% டிஸ்டார்ஷன், 1 சேனல்" என்று இருந்தால், ஒரே ஒரு ஸ்பீக்கரில் ஒரே ஒரு சுருதியை, பத்தில் ஒரு பங்கு பிசிறடிக்கும் வரை முறுக்கி எடுத்த எண் அது. "20 ஹெர்ட்ஸ் முதல் 20 கிலோஹெர்ட்ஸ் வரை, 2 சேனல், 0.1%-க்கும் கீழே" என்று இருந்தால் அது நேர்மையான எண். ஒரே ரிசீவருக்கே இந்த இரண்டு விதமாகவும் எண் போட்டிருப்பார்கள். இரண்டாவதைத்தான் ஒப்பிட வேண்டும். பிஎம்பிஓ (கண நேர உச்சத்தை ஊதிக் காட்டும் எண்) என்று எழுதியிருந்தால் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு நடையைக் கட்டுங்கள்.

அடுத்தது, யாரும் எனக்குச் சொல்லாதது: ஸ்பீக்கரின் சென்சிட்டிவிட்டி. 1 வாட் கொடுத்து 1 மீட்டர் தள்ளி நின்றால் எத்தனை டெசிபல் என்பதே அந்த எண். 88 என்று வைத்துக்கொள்வோம். 10 அடி தள்ளி உட்கார்ந்தால் எட்டு ஒன்பது டெசிபல் குறையும். ஏறக்குறைய 80 வரும். அதாவது ஒரே ஒரு வாட்டில் 80 டெசிபல்! அதுவே வீட்டுக்கு நல்ல சத்தம். 10 வாட்ஸில் 90, 100 வாட்ஸில் 100. வாட்ஸை இரண்டு மடங்காக்கினால் கிடைப்பது வெறும் 3 டெசிபல்தான். இப்போது 85 டெசிபல் ஸ்பீக்கரையும் 88 டெசிபல் ஸ்பீக்கரையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதலாவது அதே சத்தம் போட இரண்டு மடங்கு வாட்ஸ் கேட்கும். 70 வாட்ஸ் ரிசீவரை விட்டு 135-க்கு ஓடியதில் எனக்கு என்ன மிச்சமாகியிருக்கும் என்று கணக்குப் போட்டபோது எனக்கே சிரிப்பு வந்தது.

ஓம் (ஸ்பீக்கரின் மின்தடை) பற்றி ஒரே வரி: 6 அல்லது 8 ஓம் ஸ்பீக்கர் வாங்குங்கள், 4 ஓம் முதல் செட்டுக்கு வேண்டாம்.

படி 4: ஸ்பீக்கர்

காசைப் பத்துப் பங்காகப் பிரித்தால், ரிசீவருக்கு நாலு, முன்னால் உள்ள மூன்றுக்கும் மூன்று, சப்வூஃபருக்கு இரண்டு, சரவுண்டுக்கு ஒன்று. இது என் கணக்கு. கடையில் "முதலில் டவர் (தரையில் நிற்கும் உயரமான ஸ்பீக்கர்) இரண்டு எடுங்க சார், சென்டர் அப்புறம் பாத்துக்கலாம்" என்பார்கள். கேட்காதீர்கள். 5.1 ஒலியில் வசனம் பெரும்பாலும் சென்டரிலிருந்துதான் வருகிறது. முன்னால் உள்ள மூன்றும் ஒரே கம்பெனி, ஒரே சீரிஸாக இருக்கட்டும். இல்லாவிட்டால் திரையில் ஒருவர் பேசிக்கொண்டே இடமிருந்து வலம் நடக்கும்போது நடுவில் குரல் மாறும்.

சென்டரை ஷோகேஸ் பொந்துக்குள் தள்ளி வைத்தால் குடத்துக்குள் பேசுவது போலிருக்கும். விளிம்பு வரை இழுத்து வையுங்கள். நான் மகளின் பென்சில் டப்பாவிலிருந்து இரண்டு ரப்பரை எடுத்து முன்பக்கம் முட்டுக் கொடுத்து, முகத்தைக் காது பக்கம் தூக்கி வைத்திருக்கிறேன். வசனம் தெளிந்ததில் பாதி பெருமை அந்த ரப்பருக்கு. (மகள் இன்னும் திருப்பிக் கேட்கிறாள்.)

ஒயருக்கு ஆயிரக்கணக்கில் கொட்ட வேண்டாம். எலக்ட்ரிகல் கடையில் 1.5 ஸ்கொயர் எம்எம் பல இழைத் தாமிர ஒயர் வாங்கினால் போதும். பிளஸ், மைனஸ் மட்டும் மாறக் கூடாது.

படி 5: சப்வூஃபர்

ஒலியைப் பெருக்கச் சொந்த ஆம்ப் உள்ளதாக, 10 இன்ச்சில் ஒன்று வாங்குங்கள். எங்கே வைப்பது? சப்வூஃபரைத் தூக்கி சோபாவில், நீங்கள் உட்காரும் இடத்தில் வையுங்கள். பேஸ் அதிகமுள்ள, நன்கு பழகிய பாட்டு ஒன்றைப் போட்டுவிட்டுச் சுவரோரமாகத் தவழ்ந்து போங்கள். சில மூலையில் பேஸ் பொங்கும், சில இடத்தில் காணாமலே போகும். எங்கே கனமாகவும் சுத்தமாகவும் கேட்கிறதோ அதுதான் அதன் இடம். நான் இப்படித் தவழ்ந்துகொண்டிருந்தபோது பாட்டி வந்து, "என்னடா தொலைச்சே?" என்று தானும் குனிந்து தேட ஆரம்பித்துவிட்டார்.

பிறகு ரிசீவர் மெனுவில் எல்லா ஸ்பீக்கரையும் "ஸ்மால்" என்று வைத்து, கிராஸ்ஓவரை 80 ஹெர்ட்ஸில் நிறுத்துங்கள். டவர் வைத்திருந்தாலும் ஸ்மால்தான். 80-க்குக் கீழே உள்ள சுமையைச் சப்வூஃபர் வாங்கிக்கொள்ளும், ரிசீவர் நிம்மதியாக மூச்சு விடும்.

பிற்சேர்க்கை (கருத்துகளில் வந்தவை)

"5.1 வாங்கினேன், முன்னால் இரண்டு மட்டும்தான் பேசுகிறது" என்று மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். டிவியில் ஏஆர்சி என்று எழுதிய எச்டிஎம்ஐ துளையில்தான் செருகினீர்களா? சிஇசி (எச்டிஎம்ஐ வழியே டிவியும் ரிசீவரும் ஒன்றுக்கொன்று கட்டளை அனுப்பும் வசதி) ஆனில் இருக்கிறதா? இரண்டும் சரியென்றால் டிவியின் சவுண்ட் மெனுவில் "பிசிஎம்" (டிவியே ஒலியைப் பிரித்து இரண்டு சேனலாக அனுப்பும் முறை) என்று இருக்கும். அதை, ஒலியை அப்படியே ரிசீவருக்கு விடும் "பாஸ்த்ரூ" அல்லது "பிட்ஸ்ட்ரீம்" ஆக்குங்கள். ஓடிடி மட்டும் பார்ப்பவருக்குச் சாதாரண ஏஆர்சியே போதும்.

அமெரிக்காவிலிருந்து மாமா ரிசீவர் கொண்டு வருகிறார், வாங்கலாமா என்றும் ஒருவர் கேட்டார். பின்பக்கம் 120 வோல்ட் என்று மட்டும் போட்டிருந்தால் நம் 230-இல் நேரடியாகச் செருகினால் புகைதான். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் மலிவாகக் கிடைப்பதற்கும் இதே சோதனை.

சப்வூஃபரில் "ம்ம்ம்" என்று இரைச்சல்: டிஷ் கேபிளை செட்டாப் பாக்ஸிலிருந்து கழற்றிப் பாருங்கள். இரைச்சல் நின்றால் அது எர்த் சுற்று (கருவிகள் வெவ்வேறு வழியில் எர்த் ஆகி, ஒயர்களுக்குள் ஓடும் மின்சுற்று). இதற்காகச் சிலர் பிளக்கின் எர்த் பின்னையே வெட்டிவிடுகிறார்கள், தயவுசெய்து வேண்டாம். எங்கள் வீட்டில் சப்வூஃபர் ஒரு சுவரிலும் மற்றவை எதிர்ச்சுவரிலும் செருகியிருந்தன. எல்லாவற்றையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டிக்குக் கொண்டு வந்தேன். இரைச்சல் போய்விட்டது, ஒயர்தான் இப்போது ஹாலின் குறுக்கே ஓடுகிறது.