கோப்பு வந்துவிட்டது, ஸ்கிரிப்ட் ஏன் ஓடவில்லை?

ஃபோல்டரில் கோப்பு விழுந்ததும் தானாக ஓட வேண்டிய ஸ்கிரிப்ட் சும்மா கிடக்கிறதா? உடனே ஸ்கிரிப்டைத் திறந்து நோண்டாதீர்கள். லினக்ஸில் முதலில் பார்க்க வேண்டியது, கோப்பு வந்ததைப் பற்றி கர்னலிடமிருந்து (லினக்ஸின் மையப் பகுதி) தகவல் வருகிறதா என்பதை.

ஒரு டெர்மினலில், அந்தத் தகவலை வரி வரியாகக் காட்டும் ஐநோட்டிஃபைவெயிட் கட்டளையை 'எம்' (தொடர்ந்து கவனி) ஆப்ஷனோடு அந்த ஃபோல்டரின் மேல் ஓட விடுங்கள். இன்னொன்றில் அதே ஃபோல்டருக்குள் ஏதாவது ஒரு கோப்பைக் காப்பி செய்யுங்கள். முதல் டெர்மினலில் வரி வந்தால் கோளாறு ஸ்கிரிப்ட் பக்கம். வராவிட்டால் கண்காணிப்பில்.

வரி வராததற்கு முதல் சந்தேகம் நெட்வொர்க் ஷேர். என்எஃப்எஸ், சாம்பா போன்ற வழிகளில் கணினிகள் பகிரும் ஃபோல்டரில் வேறு கணினி எழுதுவது உங்கள் கர்னலுக்குத் தெரியாது. அங்கே கிரானில் (குறித்த நேரத்தில் கட்டளைகளை ஓட்டும் நிரல்) நிமிடத்துக்கு ஒருமுறை எட்டிப் பார்ப்பதுதான் வழி. உள் ஃபோல்டரில் விழும் கோப்பும் தெரியாது, 'ஆர்' ஆப்ஷன் வேண்டும். அதைப் போட்டதும் வாட்ச் வரம்பு எட்டிவிட்டது என்றோ, "டிஸ்கில் இடமில்லை" என்றோ வந்தால் டிஸ்கைச் சுத்தம் செய்யக் கிளம்பாதீர்கள். தீர்ந்தது வாட்ச் (கர்னல் வைக்கும் கண்காணிப்பு) எண்ணிக்கை. பழைய கர்னல்களில் அதன் வரம்பு 8192தான் (5.11 முதல் ரேமுக்கு ஏற்பக் கூடும்). கர்னல் அமைப்புகளை மாற்றும் சிஸ்சிடிஎல் வழியாக 524288 ஆக்கிவிடுங்கள்.

தனிக் கோப்பு ஒன்றைக் கண்காணித்தால் முதல் தடவை ஓடி, பிறகு செத்துப்போகும். பல எடிட்டர்கள் புதுக் கோப்பை எழுதி, பழையதன் பெயரை அதற்குச் சூட்டுகின்றன. வாட்ச் பழைய கோப்பின் ஐநோடோடு (டிஸ்கில் கோப்பின் உள் அடையாளம்) போய்விடுகிறது. ஃபோல்டரையே கண்காணியுங்கள்.

பாதிக் கோப்பிலேயே ஸ்கிரிப்ட் பாய்கிறதா? 'மாடிஃபை' நிகழ்வைக் கேட்டிருப்பீர்கள். கோப்பில் ஒவ்வொரு முறை எழுதும்போதும் அது வரும். 'க்ளோஸ்_ரைட்' (எழுதி மூடியது), 'மூவ்ட்_டு' (நகர்ந்தோ பெயர் மாறியோ வந்தது) இரண்டையும் கேளுங்கள். கோப்புகளைப் பிரதியெடுக்கும் ஆர்சிங்க் தற்காலிகப் பெயரில் எழுதி முடித்துத்தான் பெயர் மாற்றுகிறது, ஆகவே இரண்டாவது இல்லாமல் சரிவராது.

டெர்மினலில் ஓடுவது சிஸ்டம்டியில் (லினக்ஸில் சர்வீஸ்களைப் பின்னணியில் ஓட்டும் நிரல்) ஓடாவிட்டால் பெரும்பாலும் பாத் (கட்டளைகளைத் தேடும் இடங்களின் பட்டியல்) அல்லது பர்மிஷன்தான். கட்டளைகளுக்கு முழுப் பாதை கொடுத்து, ஜர்னல்சிடிஎல்லில் சர்வீஸின் லாகைப் படியுங்கள். "ஸ்டார்ட் லிமிட் ஹிட்" என்றிருந்தால், ஸ்கிரிப்ட் தன் வெளியீட்டை அதே ஃபோல்டரில் எழுதித் தன்னையே எழுப்பிக்கொண்டிருக்கலாம். இயல்பாக 10 நொடிக்கு 5 முறைதான் அனுமதி. வெளியீட்டை வேறிடத்துக்கு மாற்றி, சிஸ்டம்டியின் 'ரீசெட்-ஃபெயில்ட்' கட்டளை கொடுத்து, ஃபோல்டரைக் கவனித்து சர்வீஸை எழுப்பும் பாத் யூனிட்டையும் மறுபடி ஸ்டார்ட் செய்யுங்கள். அதை மறந்தால் மௌனம்தான்.

ஒரு ஓட்டம் முடியுமுன் பத்துக் கோப்புகள் வந்தாலும் சிஸ்டம்டி பத்து முறை ஓட்டாது. அதனால் ஸ்கிரிப்ட் ஒவ்வொரு முறையும் ஃபோல்டரில் இருப்பதையெல்லாம் எடுத்து, முடித்ததை வேறு ஃபோல்டருக்கு நகர்த்த வேண்டும்.