வீட்டு வீடியோவில் பாட்டும் ஓசையும்: நான் செய்யும் முறை

என் காதுகுத்து 1994-இல் எங்கள் குலதெய்வக் கோவிலில் நடந்தது. அந்த வீடியோ கேசட்டைச் சில வருடங்களுக்கு முன்பு பென் டிரைவில் ஏற்றி வாங்கி வந்தோம். தொடக்கம் முதல் கடைசி வரை சினிமாப் பாட்டு. தாய்மாமா மடியில் நான் வாயைப் பிளந்து அழுவது தெரிகிறது, அழுகை கேட்கவில்லை. அப்பா கேமராவைப் பார்த்து ஏதோ சொல்லிச் சிரிக்கிறார். என்ன சொன்னார் என்று அம்மாவுக்கும் நினைவில்லை. வீடியோ எடுத்தவர் அசல் ஒலியை அழித்துவிட்டு அதன்மேல் பாட்டை ஏற்றியிருக்கிறார். அப்பா இப்போது இல்லை. அவர் குரல் வேறு எதிலும் பதிவாகவில்லை.

அதனால் எங்கள் வீட்டு வீடியோக்களை நானே எடிட் செய்யத் தொடங்கியபோது முதலில் முடிவு செய்தது இதைத்தான்: அசல் ஒலியை அழிக்கக் கூடாது. பாட்டும் ஓசையும் அதற்குத் துணையாக மட்டும் வரலாம். போன பொங்கலுக்கு அம்மாச்சி வீட்டில் எடுத்த நாலு நிமிட வீடியோவை வைத்தே முறையைச் சொல்கிறேன்.

முதலில் போனிலிருந்து வீடியோவை இரண்டு பிரதி எடுத்துவிட்டு, ஒன்றில் மட்டும் வேலை செய்யுங்கள். பெரும்பாலான எடிட்டிங் செயலிகளில் வீடியோவிலிருந்து ஆடியோவைத் தனியே பிரிக்கும் வசதி இருக்கும். பிரித்ததை முதல் டிராக்கில், அதாவது ஒலிக்கான முதல் வரிசையில் வைத்துவிட்டு, படத்தைப் பார்க்காமல் ஒருமுறை முழுக்கக் கேளுங்கள். நான் அப்படிக் கேட்டபோதுதான் குலவைச் சத்தத்துக்கு நடுவே அம்மாச்சி, "பால் கெழக்கால பொங்குதுடி" என்று சொன்னது காதில் விழுந்தது. இப்படிப்பட்ட இடங்களை எல்லாம் நிமிடம், நொடியோடு ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். அங்கே இசை வரவே கூடாது.

மின்விசிறி இரைச்சல் இருந்தால் ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருள் போதும். யாரும் பேசாத, இரைச்சல் மட்டும் இருக்கிற ஓரிரு நொடியை முதலில் அதற்குக் காட்ட வேண்டும். அப்புறம் முழு ஒலியையும் தேர்ந்தெடுத்து அந்த இரைச்சலைக் குறைக்கச் சொல்ல வேண்டும். பேராசைப்பட்டு நிறையக் குறைத்தால் குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவது போலாகிவிடும். கொஞ்சம் இரைச்சல் மிஞ்சினால் மிஞ்சட்டும்.

இனி இசை. யூடியூபில் போடப் போகிறீர்கள் என்றால் சினிமாப் பாட்டை விட்டுவிடுங்கள். அங்கே ஒலியை ஒப்பிட்டுப் பார்க்கும் இயந்திரம் நம் சொந்தக்காரர்களுக்கு மட்டும் இணைப்பு அனுப்பும் வீடியோவையும் விடாது. பழைய கர்நாடகக் கீர்த்தனை என்றால் பரவாயில்லை என்று பலர் நினைக்கிறார்கள். தியாகராஜர் 1847-இல் மறைந்தவர், அவர் கீர்த்தனையை யாரும் பாடலாம். ஆனால் ஒருவர் பாடி வெளியிட்ட ஒலிப்பதிவு வேறு. நம் நாட்டின் 1957 பதிப்புரிமைச் சட்டப்படி அந்தப் பதிவுக்கு, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள் உரிமை உண்டு.

பாடத் தெரிந்தவர் வீட்டில் இருந்தால் அவரையே பாட வைப்பதுதான் என் வழக்கம். எங்கள் சித்திக்குக் கும்மிப் பாட்டு நிறையத் தெரியும். துணி அடுக்கிய பீரோவைத் திறந்து வைத்து, அதன் முன்னால் அவரை உட்கார வைத்துப் போனில் பதிவு செய்தேன். துணி எதிரொலியை உறிஞ்சிக்கொள்ளும். பாட்டு அப்படித் தெளிவாக வந்தது.

கருவி இசை வேண்டுமென்றால், வீடியோ ஏற்றுபவர்களுக்கான யூடியூப் ஸ்டுடியோ பக்கத்திலேயே ஆடியோ லைப்ரரி இருக்கிறது. மனநிலை, நீளம், இசைவகை எனப் பிரித்துத் தேடி இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். சில இசைக்கு மட்டும் அமைத்தவர் பெயரைக் குறிப்பிட வேண்டும் என்று போட்டிருக்கும். அவர்கள் கொடுக்கும் வரிகளை அப்படியே வீடியோவின் விளக்கத்தில் ஒட்டுங்கள். இலவசமாகக் கொடுத்தவருக்கு நாம் செய்யும் மரியாதை அது.

ஓசைகளுக்கு ஃப்ரீசவுண்ட் தளம். பார்சிலோனாவில் உள்ள பொம்பேயு ஃபாப்ரா பல்கலைக்கழகம் 2005-இல் தொடங்கியது. ஆங்கிலத்தில் தேட வேண்டும், இறக்குவதற்குக் கணக்குத் தொடங்க வேண்டும். ஒவ்வொரு ஓசைக்கும் உரிமம் தனித்தனி. 'சிசி சீரோ' என்று இருந்தால் யாரையும் கேட்காமல் பயன்படுத்தலாம். பிபிசியும் 33,000-க்கு மேற்பட்ட ஓசைகளைச் சொந்த உபயோகத்துக்குத் திறந்து வைத்திருக்கிறது.

ஆனாலும் எங்கோ பதிவான மாட்டு மணி நம் மாட்டு மணி ஆகாது. நான் பெரும்பாலும் ஊரிலேயே பதிவு செய்கிறேன். போனை ஃபிளைட் மோடில் போட்டு, மடித்த துண்டின்மேல் வையுங்கள். அதிர்வு ஏறாது. மின்விசிறியை நிறுத்துங்கள். எந்த இடத்தில் படம் எடுத்தாலும் யாரும் பேசாமல் அந்த இடத்தின் சும்மா ஒலியை 30 நொடி எடுத்துக்கொள்ளுங்கள். வெட்டி ஒட்டிய இடங்களில் ஒலி திடீரென்று அறுந்தது போலிருக்கும், அங்கே இதைப் பரப்பினால் சரியாகிவிடும். கிடைக்காத ஓசையை உண்டாக்கவும் செய்யலாம். முறத்தில் அரிசியை மெதுவாகச் சரித்தால் மழை. பிஸ்கட் பாக்கெட் தாளை மைக்குக்கு அருகில் கசக்கினால் விறகு எரிகிற சடசடப்பு. எங்கள் வீடியோவில் அடுப்பு தூரத்தில் இருந்ததால் இரண்டாவதைச் சேர்த்தேன். பேச்சும் குலவையும் அசல், அவற்றை நான் இப்படிச் செயற்கையாக உண்டாக்க மாட்டேன்.

படத்தையும் ஒலியையும் அடுக்கும் டைம்லைனில் இவற்றை வைக்கும்போது கவனிக்க வேண்டியது வால்யூம்தான். போன் செயலியில் பேச்சு 100 என்றால் அடியில் ஓடும் இசையை 10, 15-இல் வைக்கிறேன். யாராவது பேசுவதற்கு அரை நொடி முன்பே இசை இறங்கத் தொடங்க வேண்டும், முடிந்து ஒரு நொடி கழித்து ஏறலாம். பேச்சுக்கு அடியில் வார்த்தை உள்ள பாட்டு வேண்டாம். சித்தியின் கும்மிப் பாட்டை, யாரும் பேசாத கோலக் காட்சியில் மட்டும் வைத்தேன். மாட்டுத் தொழுவம் வருவதற்கு ஒரு நொடி முன்பே மணியோசையைத் தொடங்கினேன். காது முதலில் அங்கே போய்விடும், கண் பின்னால் வரும்.

வெடிச் சத்தம் சேர்ப்பவர்களுக்கு ஒன்று. ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகும். இரண்டு தெரு தள்ளி வானத்தில் வெடிக்கிற வாணத்துக்கு வெளிச்சம் தெரிந்த அதே கணத்தில் சத்தம் வைத்தால் பொய்யாக இருக்கும். அரை நொடி தள்ளி வையுங்கள்.

முடித்ததும் இயர்போனில் ஒருமுறை, போன் ஸ்பீக்கரில் ஒருமுறை கேளுங்கள். இயர்போனில் கும்மென்று கேட்ட தவில் போன் ஸ்பீக்கரில் காணாமல் போகும். அம்மாவும் அத்தையும் வாட்ஸ்அப்பில், போன் ஸ்பீக்கரில்தான் கேட்பார்கள். அதற்கேற்பச் சரிசெய்யுங்கள்.

சேமிக்கும்போது இசை சேர்த்தது ஒன்று, சேர்க்காதது ஒன்று என இரண்டாக வையுங்கள். கோப்பின் பெயரிலேயே தேதி, ஊர், யார் யார் குரல் இருக்கிறது என்று எழுதிவிடுங்கள். நான் இரண்டையும் ஒரு பென் டிரைவில் போட்டு, நகைப் பெட்டிக்குள் அப்பாவின் கைக்கடிகாரத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். இன்னொரு பிரதி தம்பி வீட்டில் இருக்கிறது.