ரூப்பெல் பாற்றை அடையாளம் காண்பது எப்படி?

கொழும்பிலிருந்து கென்யாவின் மசாய் மாராவுக்கோ தன்சானியாவின் செரெங்கெட்டிக்கோ வனவிலங்கு பார்க்கச் செல்பவர்கள் சிங்கத்தைப் பற்றி வேண்டிய அளவு படித்துக்கொண்டுதான் புறப்படுகிறார்கள். ஆனால் இலங்கையில் கூடு கட்டி வாழும் பாறு (பிணந்தின்னிக் கழுகு) எதுவும் இல்லாமையால், இறந்த வரிக்குதிரையைச் சுற்றிப் பல இனப் பாறுகள் மொய்ப்பதை முதன்முறை காணும்போது எல்லாம் ஒன்றுபோலவே தோன்றும். அவற்றுள் ரூப்பெல் பாற்றைப் பிரித்தறிவதற்கு ஓரளவு பயிற்சி வேண்டும்.

அந்தப் பயிற்சியைக் காலிமுகத்திடலிலேயே தொடங்கலாம். வெயில் ஏறிய பின் பேர வாவிக்கு மேலே செம்பருந்து சிறகடிக்காமல் வட்டமிடுவதைத் தொலைநோக்கியில் பின்தொடர்ந்து, சிறகை எப்படிப் பிடிக்கிறது, வாலை எப்படித் திருப்புகிறது என்று கவனியுங்கள். ரூப்பெல் பாறும் இவ்வாறே சூடான காற்றின் எழுச்சியில் ஏறுகிறது. ஆனால் அதன் விரிந்த சிறகு ஏறத்தாழ இரண்டரை மீற்றர் அகலமும், உடல் 6 முதல் 9 கிலோ வரை எடையும் கொண்டவை என்பதால், நிலம் சூடேறும்வரை அது பெரும்பாலும் பறக்காது. ஆகவே விடியற்காலைச் சவாரியில் வானத்தை அண்ணாந்து பார்ப்பதை விட, மலைமுகட்டையும் மரக்கிளைகளையும் பார்ப்பதே பயன் தரும்.

பலரைக் குழப்புவது வெண்முதுகுப் பாறு. வளர்ந்த பறவைகளில் நான் முதலில் அலகையே பார்ப்பேன்: ரூப்பெல் பாற்றின் அலகு வெளிர்மஞ்சள் கலந்த தந்த நிறம், வெண்முதுகுப் பாற்றின் அலகு கருமை. அடுத்து இறகுகளைப் பாருங்கள். ரூப்பெல் பாற்றின் கரும்பழுப்பு இறகு ஒவ்வொன்றின் ஓரத்திலும் வெளிறிய கோடு ஓடுவதால், அருகிலிருந்து நோக்கும்போது உடல் முழுவதும் மீன் செதில் அடுக்கியதுபோல இருக்கும். இளம் பறவையின் அலகும் கருமையாக இருப்பதோடு செதில் அமைப்பும் தெளிவாக இராது. அதை உறுதியாகச் சொல்ல அவசரப்பட வேண்டாம்.

கூடும் உதவும். வெண்முதுகுப் பாறு மரத்தில் கூடு கட்டும். ரூப்பெல் பாறு பெயருக்கேற்ப (தமிழில் மட்டுமே இந்தப் பொருத்தம்) பாறையைத்தான் நாடும். தன்சானியாவின் கோல் மலைகளிலும் கென்யாவின் ஹெல்ஸ் கேட் செங்குத்துப் பாறைகளிலும் கூட்டமாக அடைகாக்கும். ஓர் இனப்பெருக்கப் பருவத்தில் ஒரே முட்டைதான். பெற்றோர் இருவரும் மாறி மாறி அடைகாப்பார்கள். அங்கிருந்து இரை தேடி நெடுந்தூரம் செல்லும். 1973 நவம்பர் 29 அன்று ஐவரி கோஸ்டின் அபிஜானுக்கு மேலே ஏறத்தாழ 37,000 அடி உயரத்தில் விமானமொன்றுடன் மோதியதும் இவ்வினப் பறவையே. கட்டுநாயக்கவிலிருந்து நீங்கள் ஏறும் விமானமும் ஏறத்தாழ அந்த உயரத்தில்தான் பறக்கும்.

பிணத்தருகே சண்டையை மட்டும் பார்க்காமல் வரிசையைக் கவனியுங்கள். தடித்த தோலைக் கிழிப்பது பெரும்பாலும் பெரிய அலகுள்ள இளஞ்சிவப்புத் தலைப் பாறு. திறந்த வழியே நீண்ட கழுத்தை உள்ளே நுழைப்பது ரூப்பெல் பாறும் வெண்முதுகுப் பாறும். பின்னோக்கி வளைந்த முட்கள் கொண்ட நாக்கால் அவை வழுக்கும் இறைச்சியைப் பற்றி இழுக்கும். வயிறு நிறைந்த பறவையின் கழுத்தடிப்பை பந்துபோல வீங்கியிருக்கும். அந்நிலையில் வாகனம் நெருங்கினால் அது பறக்கத் திணறும். தூரத்தில் எஞ்சினை நிறுத்திவிடச் சொல்லுங்கள்.

சிங்கத்துக்கும் கழுதைப்புலிக்கும் எதிராக மேய்ப்பர்கள் பூச்சிக்கொல்லி தடவும் பிணங்களும், வட்டமிடும் பாறுகள் தங்களைக் காட்டிக்கொடுக்கும் என்று வேட்டைத் திருடர்கள் வைக்கும் நஞ்சும் இவ்வினத்தை 2015இல் மிக மோசமான அழிவாபத்துப் பட்டியலில் சேர்த்தன. ஒரு பிணத்தைச் சுற்றிப் பல பறவைகள் இறந்து கிடந்தால் எதையும் தொடாமல், இடத்தைக் குறித்துக்கொண்டு வழிகாட்டி மூலம் வனக்காவலருக்கு உடனே அறிவியுங்கள்.