வீட்டுக் காப்பீட்டு இழப்பீடு மறுக்கப்பட்டால் செய்ய வேண்டியவை

ஐப்பசி அடைமழையில் வாய்க்கால் உடைத்துக்கொண்டு வீட்டுக்குள் தண்ணீர் புகுவது டெல்டாவில் நமக்குப் புதிதல்ல. ஆனால் காப்பீடு எடுத்திருந்தும் ‘கோரிக்கை நிராகரிக்கப்படுகிறது’ என்ற கடிதத்தைக் கண்டதும் பலர் அத்தோடு விட்டுவிடுகிறார்கள் என்பதுதான் எனக்கு வருத்தம்.

முதலில், மறுப்பை எழுத்தில் வாங்குங்கள். ஏஜென்ட் தொலைபேசியில் சொன்னது போதாது; பாலிசியின் எந்த விதிப்படி மறுத்தார்கள் என்பது கடிதத்தில் இருக்க வேண்டும். சேதத்தைப் பார்வையிட்ட சர்வேயரின் (நில அளவையர் அல்லர், காப்பீட்டு மதிப்பீட்டாளர்) அறிக்கையின் நகலையும் கேட்டு வாங்குங்கள்.

அடுத்து, அந்தக் காரணத்துக்கு மட்டும் பதில் தேடுங்கள். திருவாரூர் பக்கம் உள்ள எங்கள் வீட்டின் பின்சுவர் வெள்ளத்தில் சரிந்தபோது, அது நாள்பட்ட ஓதத்தால் விழுந்தது என்று எழுதியிருந்தார்கள். ஓதம் ஏறிய சுவரில் உப்புப் பூத்து, சுண்ணாம்பு திட்டுத் திட்டாக உதிரும். வெள்ளமோ நூல் பிடித்தாற்போல் ஒரே மட்டத்தில் வண்டல் கோடு போட்டுவிட்டுப் போகும். மீதமிருந்த சுவரிலும், கதவிலும், மாட்டுக்கொட்டகைத் தூணிலும் முழங்கால் உயரத்தில் இருந்த அந்தக் கோட்டை அளவு நாடா வைத்துப் படமெடுத்தேன். கொத்தனாரின் செலவு மதிப்பீட்டையும், ஊருக்குள் வெள்ளம் வந்ததற்குக் கிராம நிர்வாக அலுவலர் தந்த சான்றையும் சேர்த்தேன். 2021 ஏப்ரல் முதல் நடப்பிலுள்ள பாரத் கிருஹ ரக்ஷா என்ற வீட்டுக் காப்பீட்டுப் பாலிசியில் புயலும் வெள்ளமும் அடங்கும் என்பதால், உங்கள் பாலிசி அதுதானா என்றும் பாருங்கள்.

இவற்றை நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்குப் ஸ்பீட் போஸ்ட்டிலும் மின்னஞ்சலிலும் அனுப்புங்கள். ஒரு மாதத்துக்குள் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி தராவிட்டாலோ, சென்னையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் (ஆம்புட்ஸ்மேன்; நிறுவனத்தைச் சாராதவர்) ஓராண்டுக்குள் முறையிடலாம். கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் தேவையில்லை. அதே விவகாரம் நுகர்வோர் ஆணையத்தில் நிலுவையில் இருந்தால் குறைதீர்ப்பாளர் ஏற்கமாட்டார் என்பதால், எந்த வழி என்பதை முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள்.

குறைதீர் அலுவலருக்கு எழுதியதிலேயே எங்களுக்குச் சுவருக்கான தொகை கிடைத்தது. நனைந்து வீணான நெல் சேமிக்கும் குதிர், மர பீரோ இரண்டையும் படமெடுக்காமலே அப்புறப்படுத்திவிட்டதால், அவற்றுக்குக் கிடைக்கவில்லை.