தனிஜெபம் விட்டுப்போகாமல் இருக்க

ஆசை இல்லாததால் ஜெபத்தை விட்டவர்கள் குறைவு. ஒரு செய்தியைக் கேட்டு உள்ளம் அனலாகி, "நாளையிலிருந்து தினமும் ஒரு மணி நேரம்" என்று தீர்மானித்து, நான்கைந்து நாள் நடத்தி, பிறகு ஒரு நாள் தவறி, அந்தக் குற்ற உணர்ச்சியிலேயே மொத்தமாக விட்டவர்கள்தான் அதிகம். அவர்களுக்கு வைராக்கியம் இல்லாமல் இல்லை. எப்போது, எங்கே, எதை வைத்து ஜெபிப்பது என்பதைத்தான் அன்றன்று காலையில் யோசித்திருப்பார்கள். தூக்கக் கலக்கத்தில் எடுக்கும் முடிவு பெரும்பாலும் தூக்கத்தின் பக்கமே சாயும். இந்த மூன்றையும் முந்தின நாளே முடித்துவிட வேண்டும்.

தானியேலைப் பாருங்கள். ராஜாவைத் தவிர வேறு யாரிடமும் விண்ணப்பம் செய்யக்கூடாது என்ற கட்டளைக்குக் கையெழுத்தாகிவிட்டது என்று தெரிந்தபின் அவர் புதிதாக எதுவும் செய்யவில்லை. அதே மேலறை, எருசலேமுக்கு நேராகத் திறந்த அதே பலகணிகள், தினம் மூன்று வேளை. "தான் முன் செய்துவந்தபடியே" என்கிறது வேதம் (தானியேல் 6:10). நெருக்கடி வந்தபோது பழக்கம் ஏற்கெனவே அங்கே இருந்தது.

நேரமும் இடமும்

முதல் மாதத்துக்குப் பத்து நிமிடம் போதும். குறைவாகத் தோன்றும், தோன்றட்டும். உடம்பு சரியில்லாத நாளிலும், வெளியூரில் தங்கும் நாளிலும், இரவு சரியாகத் தூங்காத மறுநாளிலும் செய்ய முடிகிற அளவு எதுவோ அதுதான் தொடக்க அளவு. நல்ல நாளில் பத்து நிமிடம் தானாகவே இருபதாகும். ஒரு மணி நேரம் என்று வைத்துவிட்டால், மோசமான நாளில் அது பூஜ்யமாகும்.

"ஆறு மணிக்கு" என்று வைப்பதைவிட, "பல் துலக்கிய உடனே" என்று வைப்பது உறுதியானது. விடுமுறை நாளில் ஆறு மணி நழுவிவிடும், பல் துலக்குவது நழுவாது. அதிகாலைதான் ஆவிக்குரியது என்று யாரும் தங்களை வருத்திக்கொள்ள வேண்டாம். இயேசு இருட்டோடே எழுந்து ஜெபித்தார் (மாற்கு 1:35). இராமுழுவதும் ஜெபித்ததும் உண்டு (லூக்கா 6:12). சங்கீதக்காரன் அந்தி, சந்தி, மத்தியானம் மூன்றையும் சொல்கிறான் (சங்கீதம் 55:17). கைக்குழந்தை வைத்திருக்கும் தாயும் இரவுப் பணி பார்ப்பவரும் தாங்கள் தெளிவாக விழித்திருக்கும் நேரத்தைத் தேர்ந்துகொள்ளலாம். படுத்தபின் படுக்கையிலேயே என்று மட்டும் வைக்காதீர்கள். அந்த ஜெபம் பாதி வாக்கியத்தில் தூங்கிப்போகும்.

தனி அறை வேண்டும் என்பதில்லை. ஒரே நாற்காலி, ஒரே மூலை போதும். இரவு படுக்கும் முன் வேதாகமத்தை மறுநாள் சங்கீதத்தில் விரித்து, நோட்டும் பேனாவும் அதன்மேல் வைத்துவிடுங்கள். கைபேசி அந்த அறையில் இருக்கக்கூடாது. அதில் வேதாகமச் செயலி இருக்கிறது என்பது உண்மைதான், ஆனால் அதைத் திறக்கும் விரலுக்கு மேலேயே நேற்றிரவு வந்த செய்திகளும் நிற்கும். எழுந்திருக்க அலாரம் வேண்டுமென்றால் ஒரு சாதாரணக் கடிகாரம் வாங்குங்கள்.

பத்து நிமிடத்தில் என்ன செய்வது

முதல் நிமிடம் பேச வேண்டாம். யார் முன்னால் உட்கார்ந்திருக்கிறோம் என்பதை நினைத்து அமைதியாக இருங்கள். அடுத்த நான்கு நிமிடம் சங்கீதம், பிறகு மூன்று நிமிடம் பெயர்கள், கடைசி இரண்டு நிமிடம் இயேசு கற்றுக்கொடுத்த பரமண்டல ஜெபம்.

எந்தச் சங்கீதம் என்பதைத் தேதி சொல்லிவிடும். மொத்தம் 150 சங்கீதங்கள். தேதியோடு முப்பது முப்பதாகக் கூட்டினால் நாளொன்றுக்கு ஐந்து வரும். ஏழாம் தேதி என்றால் 7, 37, 67, 97, 127. ஐந்தின் முதல் சில வசனங்களையும் கண்ணால் ஓட்டி, அன்றைய மனநிலைக்குப் பொருந்தும் ஒன்றை எடுங்கள். 29-ஆம் தேதி 119 வரும். 176 வசனங்கள் கொண்ட அதை அன்று விட்டுவிட்டு, 31-ஆம் தேதி வரும்போது அதிலிருந்து ஒரு எட்டு வசனப் பகுதியை எடுத்துக்கொள்ளலாம்.

வாசித்து முடித்துவிட்டுப் பிறகு ஜெபிப்பது என்று பிரிக்காதீர்கள். ஒரு வரி வாசித்து, அந்த வரியையே ஆண்டவரிடம் திருப்பிச் சொல்லுங்கள். 13-ஆம் சங்கீதம் ஆறே வசனம். "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்று தொடங்குகிறது. அங்கே நிறுத்துங்கள். "ஆண்டவரே, வேலைக்காக எட்டு மாதமாகக் கேட்கிறேன். நீர் மறந்துவிட்டீர் என்றே சில இரவுகளில் தோன்றுகிறது." இதைச் சொல்ல அனுமதி வேண்டுமா என்று தயங்க வேண்டாம், வேதமே அந்த வாக்கியத்தை உங்கள் வாயில் வைக்கிறது. மூன்றாம் வசனம் கண்களைத் தெளிவாக்கும்படி கேட்கிறது: "நாளைக்கு யாரைப் பார்க்க வேண்டும், எதை விட்டுவிட வேண்டும் என்று காட்டும்." ஐந்தாம் வசனத்தில் "நான் உம்முடைய கிருபையின்மேல் நம்பிக்கையாயிருக்கிறேன்" என்று வருகிறது. மனம் ஒத்துவராவிட்டால் உணர்ந்ததுபோல நடிக்க வேண்டாம். "இந்த வசனத்தை இன்று விசுவாசத்தோடு சொல்ல எனக்கு உதவும்" என்பதே நல்ல ஜெபம். சத்துருவைப் பற்றிய வரி உங்களுக்குப் பொருந்தவில்லையா? பொருந்தும் இன்னொருவருக்காக அதைச் சொல்லுங்கள்.

பரமண்டல ஜெபத்தையும் இப்படியே ஒவ்வொரு விண்ணப்பமாக நிறுத்திச் சொல்லலாம். 1535-இல் தன் நாவிதருக்கு ஜெபிக்கும் முறையை எழுதிக்கொடுத்த சபைச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தர் காட்டிய வழியும் இதை ஒட்டியதுதான். பத்துக் கட்டளைகளைத் தியானிக்கும்போது ஒவ்வொன்றிலும் அவர் நான்கைத் தேடச் சொன்னார்: கற்றுக்கொள்ள என்ன, நன்றி சொல்ல என்ன, அறிக்கையிட என்ன, கேட்க என்ன. "எங்களுக்கு வேண்டிய ஆகாரத்தை இன்று எங்களுக்குத் தாரும்" என்ற பரமண்டல ஜெபத்தின் ஒரு வரியிலும் இந்த நான்கும் கிடைக்கும். "இதோ இந்த வேலையை முடித்துவிட்டு ஜெபிக்கிறேன்" என்ற எண்ணத்துக்கு இடம் கொடுக்காதே என்றும் அவர் எச்சரித்தார்.

ஜெபநோட்டு

"உனக்காக ஜெபிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு மறப்பது எல்லாருக்கும் நடப்பதுதான். அதற்கு மருந்து எழுதி வைப்பதே. ஆனால் நாற்பது பெயரைத் தினமும் வாசித்தால் அது ஜெபமாக இராது, வருகைப்பதிவாகிவிடும். நோட்டில் கிழமைக்கு ஒரு பக்கமாக ஏழு பக்கம் ஒதுக்கி, பக்கத்துக்கு ஐந்து பெயர் எழுதுங்கள். வீட்டாருக்கும் அவசரத் தேவைகளுக்கும் எட்டாவது பக்கம்; அது மட்டும் தினமும்.

ஒவ்வொரு பெயருக்கும் எதிரே தேதி, விண்ணப்பம், கொஞ்சம் வெற்றிடம். விண்ணப்பம் குறிப்பாக இருக்கட்டும். "ஆசீர்வதியும்" என்று எழுதினால் பதில் வந்ததா என்று உங்களுக்கே தெரியாது. "வியாழக்கிழமை அறுவைசிகிச்சை, பயமில்லாமல் போகவேண்டும்" என்று எழுதினால் வெள்ளிக்கிழமை விசாரிக்கத் தோன்றும். விசாரித்தபின் நன்றி சொல்லவும் தோன்றும். பதில் வேறுவிதமாக வந்தாலும் அதையும் அந்த வெற்றிடத்தில் எழுதுங்கள். ஒருவருக்கு என்ன கேட்பது என்றே தெரியாதபோது பவுலின் ஜெபங்களில் ஒன்றை அவர் பெயரைப் போட்டுச் சொல்லலாம்: எபேசியர் 3:16-19, பிலிப்பியர் 1:9-11, கொலோசெயர் 1:9-11.

எங்கே தடுக்குகிறது

சிந்தை அலைந்தால் வாய்விட்டுப் பேசுங்கள், மெல்லிய குரல் போதும். செய்யவேண்டிய வேலை ஞாபகம் வந்தால் நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரு வார்த்தை குறித்துவிட்டுத் திரும்புங்கள். குறிக்காவிட்டால் அது வந்துகொண்டே இருக்கும். திரும்பத் திரும்ப ஒரே ஆள், ஒரே கவலை குறுக்கிட்டால் அதைத் துரத்தாதீர்கள். அன்று ஜெபிக்கவேண்டிய காரியமே அதுவாக இருக்கலாம்.

தூக்கம் வந்தால் எழுந்து நடந்து ஜெபியுங்கள். வாரம் முழுக்க வந்தால் இரவு படுக்கும் நேரத்தைச் சரிபாருங்கள்.

வறட்சி வேறு விஷயம். வாரக்கணக்கில் ஒன்றும் உணராமல், சுவரோடு பேசுவதுபோல இருக்கும். அறிக்கையிடாத பாவமோ சரிசெய்யாத பகையோ இருக்கிறதா என்று ஒருமுறை நேர்மையாகப் பாருங்கள், இருந்தால் தீருங்கள். இல்லையென்றால் உங்களைத் தோண்டிக்கொண்டே இருக்க வேண்டாம். 88-ஆம் சங்கீதம் இருளிலேயே முடிகிறது, அதுவும் ஜெபம்தான். ஏற்றபடி வேண்டிக்கொள்ள அறியாத நமக்காக ஆவியானவர்தாமே வேண்டுதல் செய்கிறார் (ரோமர் 8:26). இந்த நாட்களில் சொந்த வார்த்தைகளைக் குறைத்து, சங்கீதத்தையும் பரமண்டல ஜெபத்தையும் அப்படியே வாசித்து, நேரத்தை மட்டும் விடாமல் காத்துக்கொள்ளுங்கள். தூக்கமின்மையும் எதிலும் பிடிப்பின்மையும் சேர்ந்து நீடித்தால் போதகரிடமும் மருத்துவரிடமும் பேசுங்கள்.

தவறிய நாளுக்கு ஒரே விதி: ஈடுகட்டாதீர்கள். மறுநாள் இருபது நிமிடம் என்று இரட்டிப்பாக்கினால் அது அபராதமாகி, மூன்றாம் நாளும் போகும். சங்கீதம் தேதிப்படி வருவதால், விட்ட இடத்தைத் தேடவும் வேண்டியதில்லை. "ஆண்டவரே, நேற்று வரவில்லை, மன்னியும்" என்று ஒரு வாக்கியம் சொல்லிவிட்டு இன்றைய தேதிக்குரியதை வாசியுங்கள். பத்து நாள் விட்டிருந்தாலும் இதே ஒரு வாக்கியம்தான்.

மாதம் முடிந்தபின், பத்து நிமிடம் போதவில்லை என்று நீங்களே உணர்ந்தால் ஐந்து நிமிடம் கூட்டுங்கள். உணராவிட்டால், அதை அப்படியே வைத்துக்கொண்டு மத்தியானம் ஒரு பரமண்டல ஜெபத்தைச் சேருங்கள்.