லூபஸ் சிறுநீரக நோய்: பராமரிப்புச் சிகிச்சையைக் கைவிடாமல் தொடர்வது எப்படி

உடலின் எதிர்ப்பாற்றலே உடலைத் தாக்கும் லூபஸ் நோய் சிறுநீரகத்தைப் பாதிக்கும்போது தொடக்கத்தில் மூன்று முதல் ஆறு மாதங்களுக்குத் தீவிர சிகிச்சை தரப்படுகிறது. அதன்பின் ஆண்டுக்கணக்கில் நீளும் பராமரிப்புச் சிகிச்சையில்தான் பலர் தடுமாறுகிறார்கள். கால் வீக்கம் வடிந்து, களைப்பு நீங்கி, பழையபடி வேலைக்குப் போகத் தொடங்கியவருக்கு, "இன்னும் எதற்கு இத்தனை மாத்திரை?" என்ற எண்ணம் எழுவது இயல்பே. ஆனால் சிறுநீரகம் வலித்துச் சொல்லும் உறுப்பு அல்ல. சிறுநீரில் புரதம் குறைந்துவிட்ட சிலருக்கு மீண்டும் பயாப்சி (சிறுநீரகத் திசுவில் சிறு துணுக்கை எடுத்துச் சோதிப்பது) செய்து பார்த்தபோது உள்ளே அழற்சி அடங்காமல் இருந்தது தெரியவந்திருக்கிறது. ஆகவே உடல்நிலை நன்றாக இருப்பதை மட்டும் நம்பி மருந்தை நிறுத்தவே கூடாது.

தீவிர சிகிச்சைக் காலத்தையும் சேர்த்துக் குறைந்தது 36 மாதங்கள் எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்துகள் தொடர வேண்டும் என்பதே இன்றைய பரிந்துரை. 2022-இல் வெளியான ஒரு பிரெஞ்சு ஆய்வில், இரண்டு மூன்று ஆண்டுகள் பராமரிப்புச் சிகிச்சை பெற்று நோய் அடங்கியிருந்தவர்களில் மருந்தை நிறுத்தியோருள் சுமார் 27 விழுக்காட்டினருக்கும், தொடர்ந்தோருள் 12.5 விழுக்காட்டினருக்கும் இரண்டு ஆண்டுகளுக்குள் சிறுநீரக நோய் திரும்பியது.

பெரும்பாலோருக்கு முதலில் தேர்ந்தெடுக்கப்படுவது மைக்கோஃபினலேட். இது இரண்டு வடிவங்களில் கிடைக்கிறது என்பதை நோயாளிகள் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும். மைக்கோஃபினலேட் மொஃபெட்டில் 500 மில்லிகிராமுக்கு ஏறத்தாழ ஈடானது மைக்கோஃபினலேட் சோடியம் 360 மில்லிகிராம். மருந்துக் கடையில் ஒன்றுக்குப் பதில் மற்றொன்றைக் கொடுத்தால், மருத்துவரிடம் கேட்காமல் வாங்கிவிடாதீர்கள். அலுமினியம் அல்லது மெக்னீசியம் கலந்த நெஞ்செரிச்சல் மருந்தை இதனுடன் சேர்த்து விழுங்கினால் மருந்து உடலில் சேர்வது குறையும். வயிற்றுப்போக்கு தொந்தரவு கொடுத்தால் நீங்களாகவே அளவைக் குறைக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். அளவைப் பிரித்துத் தருவது போன்ற வழிகள் அவரிடம் உண்டு.

கருத்தரிக்க விரும்புவோருக்கும் மைக்கோஃபினலேட் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கும் அசாதயோபிரின் தரப்படுகிறது. யூரிக் அமிலத்துக்கான அல்லோபியூரினாலையோ ஃபெபுக்சோஸ்டாட்டையோ இதனுடன் சேர்த்தால் இரத்த அணுக்கள் அபாயகரமாகக் குறையக்கூடும் என்பதால், வேறு எந்த மருத்துவரைப் பார்க்கப் போனாலும் உங்கள் மருந்துப் பட்டியலைக் கையோடு கொண்டுபோங்கள். மைக்கோஃபினலேட் கருவைச் சிதைக்கவும் குழந்தைக்குக் குறைபாடு உண்டாக்கவும் வல்லது. எனவே அதை எடுக்கும் காலம் முழுவதும் நம்பகமான கருத்தடை தேவை. நோய் குறைந்தது ஆறு மாதங்கள் அடங்கியிருந்த பிறகு, மருந்தை மாற்றி, குறைந்தது ஆறு வாரங்கள் கழித்தே கருத்தரிக்க முயல வேண்டும்.

இவற்றோடு, லூபஸைக் கட்டுக்குள் வைக்கும் ஹைட்ராக்சிகுளோரோகுயின் மாத்திரை ஏறக்குறைய எல்லோருக்கும் உண்டு. நாளொன்றுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. சிறுநீரகத் திறன் குறைந்தவர்களுக்கு விழித்திரைப் பாதிப்பின் வாய்ப்பு கூடுவதால் கண் பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது. ஸ்டீராய்டு படிப்படியாக நாளொன்றுக்கு 5 மில்லிகிராம் அளவுக்கோ அதற்குக் கீழோ இறக்கப்படும். அதைத் திடீரென நிறுத்துவது உயிருக்கே ஆபத்தாகலாம்.

காலை, இரவு என்று அறைகள் பிரித்த வாராந்திர மாத்திரைப் பெட்டியை ஒரு குறிப்பிட்ட நாளில் நிரப்பி வையுங்கள். புதன் இரவு அறையில் மாத்திரை அப்படியே இருப்பதை வியாழன் காலையில் கண்டால், இரண்டு வேளைக்கானதையும் சேர்த்து விழுங்காமல், வியாழன் காலைக்கு உரியதை மட்டும் எடுங்கள். ஒரு நோட்டில் தேதி, இரத்த அழுத்தம், எடை, இரத்தத்தில் கிரியேட்டினின் (சிறுநீரகம் வெளியேற்றும் கழிவுப்பொருள்) அளவு, சிறுநீரில் புரதத்துக்கும் கிரியேட்டினினுக்கும் உள்ள விகிதம், வெள்ளணுக்களின் எண்ணிக்கை ஆகியவற்றை வரிசையாக எழுதி வாருங்கள். புரத விகிதம் ஒரு பரிசோதனைத் தாளில் 300, அடுத்ததில் 450, அதற்கடுத்ததில் 800 என்று ஏறும் எண்கள் தனித்தனித் தாள்களில் கண்ணில் படாமல் போகலாம். ஒரே பக்கத்தில் இருந்தால் எவருக்கும் புலப்படும்.

காய்ச்சல் வந்தால் அன்றே மருத்துவரிடம் தெரிவியுங்கள். உயிருள்ள கிருமி கொண்ட தடுப்பூசிகளைத் தவிர்க்க வேண்டும். இன்ஃபுளூயன்சா, நிமோனியா தடுப்பூசிகளைக் கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள். மூட்டு வலிக்கு இபுபுரோஃபன், டைக்ளோஃபெனாக் போன்றவற்றை நீங்களாக வாங்கி விழுங்காதீர்கள். அவை சிறுநீரகத்தை நேரடியாகப் பாதிக்கும். சிறுநீரில் நுரை கலையாமல் நிற்பதும், நிறம் மங்கிச் சிவப்பதும், மாலையில் கணுக்கால் வீங்குவதும் அடுத்த பரிசோதனைத் தேதி வரை காத்திருக்கக் கூடாத அறிகுறிகள்.

மருந்தை நிறுத்தும் காலம் வரும்போது அதை மருத்துவரே முடிவு செய்வார். வழக்கமாக ஸ்டீராய்டை முதலில் குறைத்து, பிறகு மைக்கோஃபினலேட்டையோ அசாதயோபிரினையோ மெல்ல இறக்குவார்கள். ஹைட்ராக்சிகுளோரோகுயின் அதன்பிறகும் தொடரும். சிறுநீர்ப் பரிசோதனையும் அப்படியே தொடர வேண்டும்.