தாழ்த்திய காரை உயர்த்த பழைய ஒரிஜினல் ஸ்பிரிங் போதும்

குட்டை ஸ்பிரிங் போட்டுத் தாழ்த்திய காரைக் குறைந்த செலவில் உயர்த்த வேண்டுமா? லிஃப்ட் கிட் (காரை உயர்த்தும் பாகங்களின் செட்) தேடும் முன், அதே மாடல், அதே இன்ஜினுக்கான கம்பெனி ஸ்பிரிங் செகண்ட் ஹேண்டில் கிடைக்கிறதா என்று பாருங்கள். காரைத் தாழ்த்துபவர்கள் கழற்றிய செட்டை மலிவாகவே தள்ளிவிடுவார்கள். உயரம், ஸ்பிரிங்கின் விறைப்பு எல்லாம் அந்தக் காரின் எடைக்கே கணக்கிட்டவை என்பதால், காரும் பழைய உயரத்துக்கே வந்துவிடும். துரு, விரிசல் இல்லாததாகப் பார்த்து வாங்குங்கள்.

ஸ்பிரிங் சுருள்களுக்கு நடுவே செருகும் ரப்பர் துண்டு இன்னும் மலிவுதான். ஆனால் அந்த இடத்தில் சுருள் வேலை செய்யாது, சவாரி கடினமாகிவிடும். எனக்கு அது பிடிக்காது.

பத்து மில்லிமீட்டர் போதுமென்றால் டயர் மாற்றும்போது 195/50 ஆர்15-க்குப் பதில் 195/55 போடலாம் (50, 55 என்பது டயரின் அகலத்தில் பக்கச்சுவர் உயரம் எத்தனை சதவீதம் என்பது). ஸ்பீடோமீட்டர் சுமார் 3 சதவீதம் குறைத்துக் காட்டும், அவ்வளவுதான்.

காயில்ஓவர் (உயரத்தை மாற்றும் வசதியுள்ள ஸ்பிரிங்-ஷாக் செட்) இருந்தால் இதெல்லாம் வேண்டாம், ஸ்பிரிங்கைத் தாங்கும் காலர் வளையத்தைத் திருகினாலே உயரும். தாழ்த்தும்போது குட்டை ஷாக் அப்சார்பரும் போட்டிருந்தால் ஸ்பிரிங் மட்டும் மாற்றிப் பயனில்லை. அழுத்திய ஸ்பிரிங் தெறித்தால் ஆபத்து, மெக்கானிக்கிடம் விடுங்கள். அப்புறம் வீல் அலைன்மென்ட் கட்டாயம்.